அஷ்டதிக் பேக்கேஜிங்கில் பேக்கப் புதுப்பித்த படலம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஊறுகாய்க்கும் கூந்தல் தைலத்துக்கும் அட்டைப்பெட்டி அடித்துக் கொடுக்கிற அஷ்டதிக் பேக்கேஜிங் நிறுவனத்தில் இரண்டு குலத்துக் கணினிகள் இருந்தன. ஒன்று மேக். இன்னொன்று விண்டோஸ். மற்ற இடங்களில் எந்த வேலைக்கு எது வசதி என்று பார்த்துக் கணினி கொடுப்பார்கள். படம் வரைகிறவருக்கு மேக், கணக்கு எழுதுகிறவருக்கு விண்டோஸ் என்று போகும். அஷ்டதிக்கில் அப்படியில்லை. அங்கே மேலாளர் ஆனால் மேக். ஆகும்வரை விண்டோஸ். டிசைன் பகுதிக்காரர்கள் மட்டும் வேறு வழியில்லாமல் மேக் வைத்திருந்தார்கள், அதற்காக அவர்கள்மேல் எல்லோருக்கும் ஒரு மனத்தாங்கல் இருந்தது.

இந்த இரண்டு குலத்தையும் ஒரே கம்பியில் கட்டி மேய்க்கிற வேலை முகமது ஆசிக்குடையது. ஊர் திருச்சி. மனைவி நிஷாவும் மூன்று வயதுப் பெண்ணும் அங்கே இருந்தார்கள். இவர் கள்ளிக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் இருந்தார்.

பேக்கப் என்பது என்ன என்று இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், அது அழகான ஏற்பாடு. தரைத்தளத்து ஏசி அறையில் ஒரு சர்வர் இருக்கிறது. அதில் பேக்கப் மென்பொருளின் தலைமைப் பகுதி ஓடுகிறது. கட்டடத்தில் உள்ள ஒவ்வொரு கணினியிலும் அதே மென்பொருளின் சின்னத் துண்டு ஒன்று உட்கார்ந்திருக்கும். அதற்கு ஏஜெண்ட் என்று பேர். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு தலைமை ஒவ்வொரு ஏஜெண்டாகக் கூப்பிட்டு, "நேற்றைக்குப் பிறகு உன்னிடம் என்ன மாறியது?" என்று கேட்கும். மாறியதை மட்டும் ஏஜெண்ட் எடுத்துக் கொடுக்கும், மாறாததை மறுபடி தூக்கிக்கொண்டு வராது. மேக் என்றாலும் விண்டோஸ் என்றாலும் தலைமைக்கு ஒன்றுதான். என்றைக்காவது ஒரு கணினி செத்துப்போனால், எந்தத் தேதி வேண்டும் என்று கேட்டு, அந்தத் தேதியில் அது எப்படி இருந்ததோ அப்படியே திருப்பி வைத்துவிடும்.

அவ்வளவு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ஏற்பாட்டில், ஒரு பொங்கல் விடுமுறையில் மேக்குகள் எல்லாம் தாமாகவே புதுப்பித்துக்கொண்டன. புது மேக்குக்குச் சந்தேகப் புத்தி அதிகம். உரிமையாளர் தன் கையால் அனுமதி கொடுக்காமல் எந்த மென்பொருளையும் கோப்புகளைத் தொட விடாது. பழைய ஏஜெண்டுக்கு அந்த அனுமதியைக் கேட்கவே தெரியாது. அது பாட்டுக்குக் கதவுக்கு வெளியே நின்றுவிட்டு, வெறுங்கையோடு திரும்பியது.

வைத்தியம் எளிது. பேக்கப் மென்பொருளின் புதிய பதிப்பைப் போட வேண்டும். முதலில் சர்வரில், பிறகு ஏஜெண்டுகளில். இந்த வரிசை மாறக்கூடாது. புதுத் தலைமைக்குப் பழைய ஏஜெண்டின் பேச்சு புரியும், பழைய தலைமைக்குப் புது ஏஜெண்டின் பேச்சு புரியாது. கடைசியாக ஒவ்வொரு மேக்கிலும் போய் ஓர் அனுமதிப் பொத்தானைத் தட்டிவிட்டு வர வேண்டும். ஒரு நாள் வேலை. ஆசிக் வெள்ளந்தியான மனுஷன். பேசாமல் செய்துவிட்டுப் போகாமல், மாற்றக் குழுவுக்கு விண்ணப்பம் போட்டார்.

மாற்றக் குழு என்பது, எந்த மாற்றமும் தவறாக நடந்துவிடக் கூடாது என்பதற்காக அமைக்கப்பட்டது. அது அமைந்ததிலிருந்து எந்த மாற்றமும் தவறாக நடக்கவில்லை. எந்த மாற்றமும் நடக்கவில்லை. அதன் தலைவர் துணைப் பொது மேலாளர் ரவிச்சந்திரன். மனிதவளப் பிரிவின் மேலாளர் சுலோசனா அதன் செயலாளர். மற்ற உறுப்பினர்கள் பிஸ்கட் தட்டை ஒருவருக்கொருவர் நகர்த்திக்கொள்வார்கள்.

முதல் கூட்டத்தில் ரவிச்சந்திரன் எழுந்து நின்று பேசினார்.

"ஆசிக், உங்க ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனா ஒண்ணு. குழு பரிசீலனையில இருக்கிற எதையும் யாரும் தொடக்கூடாது. நாங்க ஒண்ணை யோசிச்சுக்கிட்டு இருக்கும்போது அது மாறிக்கிட்டே இருந்தா, நாங்க எதை யோசிக்கிறது?"

"சார், விண்டோஸ் மெஷின்களுக்கு பேக்கப் இப்பவும் நல்லா ஓடிட்டுதான் இருக்கு. அது ஓடட்டும்."

"பேக்கப் பரிசீலனையில இருக்கா இல்லையா?"

"இருக்கு சார்."

"அப்ப நிறுத்துங்க."

இப்படியாக, பாதி ஓடிக்கொண்டிருந்த பேக்கப், முழுதாக ஓட வழி கேட்ட குற்றத்துக்காக அன்றே முழுதாக நின்றது.

இரண்டாம் கூட்டம் வரிசையைப் பற்றியது. முதலில் சர்வர் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தது. சுலோசனா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"சர்வர் விண்டோஸ்தானே?"

"ஆமா மேடம்."

"ஜிஎம், டிஜிஎம் வச்சிருக்கிறது எல்லாம் மேக். அவங்களை எல்லாம் வரிசையில நிக்க வச்சுட்டு ஒரு விண்டோஸுக்கு முதல் மரியாதை பண்றதா?"

ஆசிக் பொறுமையாக விளக்கினார். தலைமை எந்த மொழியில் பேசுகிறது, ஏஜெண்ட் எந்த மொழியைப் புரிந்துகொள்கிறது, ஏன் மேலிருந்து கீழே வர வேண்டும் என்று பலகையில் படம் போட்டார். "மேலிருந்து கீழே" என்பது மட்டும் குழுவுக்குப் பிடித்திருந்தது. நான்கு வாரம் ஆராய்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சர்வருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டார்கள். நிலை: மேலாளருக்கு இணையானது. ஆணையைக் கண்ணாடி உறையில் போட்டு சர்வரின் நெற்றியில் ஒட்டச் சொன்னார்கள்.

ஒட்ட வந்தவர் அலுவலக உதவியாளர் செங்கல்வராயன். இந்தத் தொழிற்பேட்டை வருவதற்கு முன்னால் அவர் குடும்பம் இதே மண்ணில் நாற்று நட்டுக்கொண்டிருந்தது. அவர் ஆணையை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா நைனா இது? நான் சேந்த நாள்லேர்ந்து அட்டெண்டராவே கீறேன். இந்த இரும்புப் பொட்டிக்குப் பிரமோஷன் குட்த்துட்டானுங்க. நாளைக்கு இதுக்கு டீ கொண்டாந்து வைக்கணுமா?"

"வச்சுடாதீங்கண்ணே. ஈரம் ஆகாது."

"அப்ப என்னியவிட ஒசந்த ஜாதிதான், உடு."

மூன்றாம் கூட்டத்தில்தான் ஆசிக் வசமாக மாட்டிக்கொண்டார். குழுவின் விதிப்படி, எந்த மாற்றத்துக்கும் முன்னால் எல்லாக் கணினிகளுக்கும் முழு பேக்கப் எடுத்திருக்க வேண்டும்.

"சார், மேக்குகளுக்கு பேக்கப் எடுக்க முடியலைன்னுதான் புதுசு போடணும்ங்கிறேன்."

"எடுத்துட்டுப் போடுங்க."

"பழசால எடுக்க முடியாது சார்."

"அப்ப மேக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுபோங்க. அப்ப பழசால எடுக்க முடியும் இல்லையா?" என்றார் ரவிச்சந்திரன். சுற்றியிருந்தவர்கள் தலைவரின் கூர்மையை வியந்தார்கள்.

"பழைய நிலைக்குப் போகணும்னா மேக்கை மொத்தமா அழிக்கணும் சார்."

"அழிங்க."

"அழிக்கணும்னா அதுக்கு முன்னாடி பேக்கப் வேணும் சார்."

ஆசிக் பலகையில் ஒரு வட்டம் போட்டு, அம்புக்குறிகளால் எது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று காட்டினார். ரவிச்சந்திரன் அதை நெடுநேரம் பார்த்தார். "இவ்வளவு தெளிவா யாரும் நம்ம நடைமுறையை வரைஞ்சதில்லை" என்று சொல்லி, அதை அப்படியே வண்ணத்தில் அச்சடித்துக் கூட்ட அறையில் மாட்டும்படி உத்தரவு போட்டார்.

படம் மாட்டப்பட்ட அன்று ஆசிக் ராஜினாமா செய்தார்.

அஷ்டதிக் காகிதம் இல்லாத அலுவலகம். ராஜினாமாவை மனிதவளப் பிரிவின் சர்வரில் உள்ள ஒரு பக்கத்தில்தான் செய்ய வேண்டும். காரணம் என்ற கட்டத்தில் குடும்பம் என்று தட்டினார். மூன்று மாத நோட்டீஸ் ஓடத் தொடங்கியது. திருச்சியில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்துவிட்டது. வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் பத்து நிமிடம். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: பழைய இடத்திலிருந்து விடுவிப்புக் கடிதம். ஜூலை கடைசிக்குள் வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்றார்கள்.

ஆசிக் சுலோசனாவிடம் போய்க் கேட்டார்.

"கடிதம் கண்டிப்பா உண்டு சார். உங்க பேர்ல நிலுவை எதுவும் இல்லைன்னா அன்னைக்கே."

"என் பேர்ல என்ன நிலுவை மேடம்?"

"பேக்கப் புதுப்பிக்கிற விண்ணப்பம்."

"அது குழுகிட்ட இல்ல இருக்கு!"

"குழுகிட்ட இருக்கு. உங்க பேர்ல இருக்கு" என்றார் சுலோசனா. அவர் கெட்டவர் அல்ல. விதியைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு தாய்மை வந்துவிடும்.

"அத்தா எப்ப வருவாங்கன்னு பாப்பா கேட்டுக்கிட்டே இருக்கா" என்றாள் நிஷா போனில். "நீங்க வேலையைத்தானேங்க விட்டீங்க? ஜெயில்ல ஒண்ணும் இல்லையே?"

"ஜெயில்னா நாள் எண்ணலாம்" என்றார் ஆசிக்.

இதற்கிடையில், அவசரப்படாமல் குழுவை நடத்திய பக்குவத்துக்காக ரவிச்சந்திரன் பொது மேலாளர் ஆனார். பெரிய திரை மேக் வந்தது. பதவியேற்ற உற்சாகத்தில் அவர் ஆசிக்கின் வட்டத்தையும் அவிழ்த்துவிட்டார்.

"விதியில முழு பேக்கப்னு இருக்கு. என்னைக்கு எடுத்ததுன்னு இருக்கா? இல்லை. ஜனவரியில பொங்கல் முடிஞ்ச வாரம் ஒண்ணு எடுத்தீங்களே?"

"விண்டோஸ் மட்டும் சார். மேக்கோடது அதுக்கும் முன்னாடி எடுத்தது."

"அன்னைக்கு எது முடிஞ்சதோ அது அன்னைக்கு முழுசு. தீர்மானம் நிறைவேறியது."

ஆசிக்குக்கு இது தப்பு என்று தெரியும். ஆனால் ஜூலை பாதி போய்விட்டிருந்தது. தலையாட்டினார்.

புதுப்பிக்கிற வேலை அவர் முதலிலேயே சொன்ன மாதிரி ஒரே நாளில் முடிந்தது. புதுத் தலைமை ஏறியது. பழைய ஏஜெண்டுகளை அது ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுத் தன் புதுத் துண்டை அனுப்பி வைத்தது. கணக்குப் பிரிவில் ஒருவர் கீபோர்டிலிருந்து கையைக்கூட எடுக்கவில்லை, அவர் கணினி மாறிவிட்டது. அந்த ஒரு நாள் மட்டும் ஆசிக் அந்தக் கட்டடத்தில் சந்தோஷமாக இருந்தார். சிக்கல் பொது மேலாளரின் மேக்கில் வந்தது. அனுமதிப் பொத்தானை உரிமையாளர்தான் தட்ட வேண்டும்.

"முழு வட்டுக்கும் அனுமதின்னு போட்டிருக்கு. முழு வட்டும்னா?" என்றார் ரவிச்சந்திரன்.

"எல்லாக் கோப்புகளும் சார்."

"என்னோடதா? யாருக்கு அனுமதி கொடுக்கிறேன்?"

"பேக்கப்புக்கு சார்."

"பேக்கப் யாருக்கு ரிப்போர்ட் பண்ணுது?"

ஆசிக் யோசித்தார். "சர்வருக்கு சார். மேலாளருக்கு இணையானது."

"எனக்குக் கீழ" என்று ரவிச்சந்திரன் நிம்மதியடைந்து பொத்தானைத் தட்டினார்.

இனி ஒரே ஒரு காரியம் பாக்கி. புதிய பதிப்பில் முதல் பேக்கப்பை ஓட்ட வேண்டும். ஓட்டிவிட்டால் ஜனவரியிலிருந்து விட்டுப்போன எல்லாம் உள்ளே வந்துவிடும், விண்ணப்பமும் முடிந்துவிடும். ஆசிக் அதற்கும் அனுமதி கேட்டார். கேட்டது இரண்டாவது வெள்ளந்தித்தனம்.

"எடுக்கிறது இருக்கட்டும் ஆசிக்" என்றார் ரவிச்சந்திரன். "எடுக்கிறதை யார் வேணா எடுப்பான். கடன் வாங்குறவன்கூட எடுக்கிறான். திருப்பிக் கொடுக்க முடியுமான்னு முதல்ல காட்டுங்க. எம்.டி. மேடத்தைக் கூப்பிட்டு விழாவா வச்சுடுவோம்."

"சார், விழாவுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை எடுத்துடறேன். பாதுகாப்புக்கு."

"ஓட்டித் திரையில சிவப்பு வந்துடுச்சுன்னா? விழா நாள் வரைக்கும் யாரும் எதையும் ஓட்டக் கூடாது."

விழா வெள்ளிக்கிழமை காலை. செங்கல்வராயன் சர்வருக்குச் சாமந்தி மாலை போட்டு, காற்றுப் போகிற ஓட்டைகளையெல்லாம் அதனால் அடைத்திருந்தார். ஆசிக் மாலையைக் கொஞ்சம் மேலே தூக்கிக் கட்டினார்.

"இன்னிக்கோட கெளம்புறியாமே நைனா?"

"இன்னைக்கு மத்தியானம் லெட்டர் வாங்கிட்டு, சாயங்காலம் ட்ரெய்ன் அண்ணே."

"போய்க்கினே இரு. திரும்பிப் பாக்காத."

நிர்வாக இயக்குநர் லோகநாயகி குத்துவிளக்கு ஏற்றினார். ரவிச்சந்திரன் அரை மணி பேசினார். "நஷ்டம் என்பதே இனி அஷ்டதிக்கில் கிடையாது. ஏன்? நம்மிடம் எல்லாம் இரண்டாக இருக்கிறது!" என்றபோது கைதட்டல் எழுந்தது.

ஆசிக் ஏற்பாட்டைக் கவனமாகச் செய்து வைத்திருந்தார். ஜனவரி பேக்கப்பிலிருந்து ஒரே ஒரு சின்னக் கோப்புறை. அதுவும் அசலின்மேல் இல்லை, ஓரமாக வேறு இடத்தில் வந்து இறங்கும். இறங்கினால் போதும், மீட்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். எந்த ஊரிலும் அப்படித்தான் சோதிப்பார்கள். லோகநாயகி பொத்தானை அழுத்தினார். கண்மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது. திரையில் ஒரு மஞ்சள் கோப்புறை தோன்றியது.

"இவ்வளவுதானா?" என்றார் லோகநாயகி.

அறையில் கேசரித் தட்டு நகர்வதுகூட நின்றது. ரவிச்சந்திரனின் முகம் கறுத்தது. "இல்லை மேடம், இது ஒத்திகை. ஆசிக், முழுசா காட்டுங்க. மனிதவள சர்வர் மொத்தத்தையும் திருப்புங்க."

"சார், அது ஓடிட்டு இருக்கிற சர்வர். ஜனவரிக்கு அப்புறம் அதுல வந்தது எல்லாம் போயிடும்."

"போனா என்ன?" ரவிச்சந்திரன் சபையைப் பார்த்துச் சிரித்தார். "அதுக்குத்தானே பேக்கப் இருக்கு!"

இதற்குத்தான் அன்றைய மிகப் பெரிய கைதட்டல். ஆசிக் மவுஸை விடாமல் பிடித்துக்கொண்டார். ரவிச்சந்திரன் அவர் விரல்களை ஒவ்வொன்றாக, புன்னகை மாறாமல் எடுத்துவிட்டு, தாமே போய் 'முழுக் கணினி', 'அசலின்மேல்' என்று இரண்டு இடத்தில் தட்டினார். திரை ஓர் எச்சரிக்கை காட்டி, சம்மதமா என்று கேட்டது. இத்தனை அடக்கமாக ஒரு பொருள் கேட்கும்போது மறுப்பது லோகநாயகியின் வழக்கமில்லை. சம்மதம் என்று அழுத்தினார்.

ஒன்று சொல்ல வேண்டும், ஆசிக் அந்த மென்பொருளை அவ்வளவு சுத்தமாக நிறுவியிருந்தார். இல்லாவிட்டால் எங்கேயாவது தடுக்கி நின்றிருக்கும். நிற்கவில்லை. ஜனவரிக்குப் பிறகு வந்த ஒவ்வொரு கோப்பையும் தேடித் துடைத்துவிட்டு, ஜனவரியில் இருந்ததை அதனதன் இடத்தில் வைத்தது. விருந்தினர்கள் வடையை முடிப்பதற்குள் திரை முழுக்கப் பச்சையானது. ஆசிக்குக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

பொன்னாடையோடு அவர் சுலோசனாவின் அறைக்கு ஓடினார்.

சுலோசனா திரையைப் பார்த்தபடி இருந்தார். கொஞ்சம் குழப்பம்தான் என்று ஒப்புக்கொண்டார். ஓய்வுபெற்ற ஸ்டோர்ஸ்காரர் ஒருவர் மறுபடி பணியில் இருந்தார். பொது மேலாளர் ரவிச்சந்திரன் துணைப் பொது மேலாளராக இருந்தார். "அதை மட்டும் எம்.டி. மேடம் வாய்மொழி உத்தரவுல உடனே சரி பண்ணிட்டோம்."

"என்னோட கடிதம் மேடம்?"

அவர் தேடினார். மேலும் கீழும் உருட்டினார். பிறகு அந்தத் தாய்மைக் குரலில் சொன்னார்: "நீங்க ராஜினாமாவே பண்ணலையே சார்."

ஆசிக் போனில் இருந்த ஏற்பு மின்னஞ்சலைக் காட்டினார். அதில் ஓர் இணைப்பு மட்டும் இருந்தது. தட்டினால் அப்படி ஒரு பக்கம் இல்லை என்றது.

"எனக்கும் வாய்மொழி உத்தரவு வாங்கித் தாங்க மேடம். எல்லாருக்கும் தெரியும் நான் பண்ணேன்னு. இன்னைக்குக் காலையிலகூட நீங்க எனக்கு வாழ்த்து சொன்னீங்க."

"மேலாளருக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு வாய்மொழி செல்லாது. பழைய தேதி போட்டுப் பதியணும்னா ஜிஎம் சிபாரிசு வேணும். அவர் இப்பதான் எழுதி அனுப்பினார்." படித்துக் காட்டினார்: "'திருப்பிக் கொடுப்பதில் இவ்வளவு திறமையுள்ள ஒருவரை நிறுவனம் எக்காரணம் கொண்டும் இழக்கக் கூடாது.' வேற யாரைப் பத்தியும் இவர் இப்படி எழுதினதில்லை சார்."

"அப்ப இப்பவே மறுபடி ராஜினாமா பண்றேன்."

"பண்ணுங்க. மூணு மாச நோட்டீஸ்."

"திருச்சியில எனக்குக் கொடுத்த கடைசி நாள் அடுத்த புதன்கிழமை மேடம்!"

சுலோசனா ஆறுதலாகத் திரையை அவர் பக்கம் திருப்பினார். "ஏன் சார் இவ்வளவு கஷ்டப்படறீங்க? இங்க பாருங்க. பொங்கல் வாரத்துல நாங்க எடுத்த கருத்துக் கணிப்பு. பணியில் திருப்தியா? மிகவும். நிறுவனத்தில் தொடர விருப்பமா? மிகவும். சிஸ்டத்துல இருக்கிற நீங்க ரொம்ப சந்தோஷமா இருக்கீங்க."

திரையில் ஆசிக்கின் படம் இருந்தது. இஸ்திரி போட்ட சட்டை. இன்னும் எந்தக் குழுவுக்கும் விண்ணப்பம் போடாத ஒருவனின் சிரிப்பு.

போன் அடித்தது. நிஷா. ட்ரெய்ன் ஏறிவிட்டாரா என்று கேட்கத்தான் இருக்கும். அவர் அதை எடுக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒண்ணு பண்ணலாம். அவரையே வச்சுக்குங்க. அவருக்கு இங்க பிடிச்சிருக்கு. நான் கிளம்பறேன்."

சுலோசனா சிரிக்கவில்லை. விதிமுறைப் பக்கத்தைத் திறந்து, உண்மையிலேயே இரண்டு மூன்று இடங்களில் தேடிப் பார்த்தார். பிறகு வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"வழியில்லை சார். தினம் காலையில அவருக்குக் கைரேகை வைக்க நீங்கதானே வரணும்."